சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப்: இரண்டு வீடுகள், ஒரே டப்பா

மருந்துக் கடையில் சிறுநீர் சோதிக்கும் ஸ்ட்ரிப் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு வகை டப்பாக்களில் ஒன்றை எடுத்து வைப்பார்கள். யூரிஸ்டிக்ஸ் போல சர்க்கரை, புரதம் ஆகிய இரண்டை மட்டும் காட்டுவது ஒரு வகை. பத்துக் கட்டங்கள் வரிசையாக ஒட்டப்பட்டு, சிறுநீரில் பார்க்கக்கூடிய அனைத்தையும் பார்த்துச் சொல்வதாக அறிவித்துக்கொள்வது இன்னொரு வகை. நீண்ட காலமாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ள என் அப்பாவுக்காக முதல் வகையை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். பக்கத்து வீட்டில் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறுள்ள ஒரு சிறுவனுக்கும் அதே டப்பாதான். ஒரே பொருள் அந்த வீட்டில் தவிர்க்க முடியாத துணையாகவும், எங்கள் வீட்டில் பாதி வேலையை மட்டும் செய்து மீதியை மறைத்துவிடுவதாகவும் இருக்கிறது. அந்த வேறுபாடு தெரியாமல் இதை வாங்குபவருக்குப் பணம் பெரிதாக நஷ்டமாகிவிடாது. ஆனால் "ஒன்றும் இல்லை" என்ற பொய்யான நிம்மதி வந்துவிடக்கூடும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். டப்பாவுக்குள் விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான, மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் இரண்டு சிறு சதுரக் கட்டங்கள். புரதத்துக்கான கட்டம் வெளிர் மஞ்சள். சிறுநீரில் ஒரு நொடி முக்கி, விளிம்பைப் பாத்திரத்தின் ஓரத்தில் இழுத்து அதிகப்படி ஈரத்தை வழித்துவிட்டு, குச்சியைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைக் கட்டத்தை முப்பது நொடியிலும், புரதக் கட்டத்தை அறுபது நொடியிலும் படிக்கச் சொல்கிறது அட்டை. புரதம் இருந்தால் மஞ்சள் மெல்ல இளம்பச்சையாகி, அளவு கூடக் கூட நீலம் கலந்த பச்சையாகிறது. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் வண்ண அட்டையில் இல்லை, ட்ரேஸ் (மிகச் சொற்பம்), ஒரு ப்ளஸ், இரண்டு ப்ளஸ் என்று நான்கு ப்ளஸ் வரை கட்டங்கள் உள்ளன. ஒரு ப்ளஸ் என்பது டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிலிட்டருக்கு, ஏறத்தாழ 30 மில்லிகிராம். இரண்டு ப்ளஸ் 100. மூன்று ப்ளஸ் 300. நான்காவது கட்டம் அதற்கும் வெகு தூரம் மேலே.

இந்த நிறமாற்றத்தின் பின்னால் உள்ள வேதியியல் எளிமையானது. அதைத் தெரிந்துகொண்டால் ஸ்ட்ரிப்பின் பலமும் பலவீனமும் சேர்ந்தே விளங்கிவிடும். கட்டத்தில் டெட்ராபுரோமோஃபீனால் ப்ளூ என்ற சாயமும், அமிலத்தன்மையை பி.எச். 3 அளவில் நிலைநிறுத்தும் ஒரு கலவையும் ஊறியிருக்கின்றன. அந்த அமில நிலையில் சாயம் மஞ்சளாகவே இருக்க வேண்டும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் வந்து சாயத்தைப் பற்றிக்கொண்டால், அமிலத்தன்மை மாறாமலேயே அது பச்சையை நோக்கி நகர்கிறது. இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஆல்புமினைத் தவிர மற்றப் புரதங்களை இந்தக் கட்டம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதோடு, சிறுநீரே மிகுந்த காரத்தன்மையோடு இருந்தாலோ, பிடித்த பாத்திரத்தில் கிருமிநாசினி ஒட்டியிருந்தாலோ, புரதமே இல்லாமலும் பச்சை தட்டும்.

புரதம் ஏன் சிறுநீருக்குள் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் சிறுநீரகத்தின் நுண்குழாய் முடிச்சுகளில் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது. ஆல்புமின் பெரிய மூலக்கூறு. நல்ல நிலையிலுள்ள வடிகட்டி அதை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். தப்பி வரும் துளியையும் அடுத்துள்ள குழாய்கள் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஆரோக்கியமானவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு மொத்தப் புரதம் 150 மில்லிகிராமுக்குள்ளும், அதில் ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குள்ளும்தான் இருக்கும். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் அந்த வடிகட்டியின் சுவரைப் பல ஆண்டுகளாகச் சிதைக்கும்போது ஆல்புமின் கசியத் தொடங்குகிறது. முட்டையும் பருப்பும் தின்றதால் சிறுநீரில் புரதம் போகிறது என்று நினைத்து அவற்றை அடியோடு நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கசிவு தட்டில் தொடங்குவதில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் புரதத்தை அளவோடு உண்ண வேண்டும் என்பது வேறு விஷயம். அந்த அளவையும் மருத்துவரோ உணவியல் நிபுணரோதான் சொல்ல வேண்டும்.

இனி ஸ்ட்ரிப்பின் முதன்மையான குறைக்கு வருகிறேன். அது அளப்பது செறிவை. கசியும் மொத்த அளவை அல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் புரதம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அன்று ஒரு லிட்டர் சிறுநீர் கழித்தால் டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராம்; கட்டம் ஒரு ப்ளஸ் காட்டும். நன்றாகத் தண்ணீர் குடித்து மூன்று லிட்டர் கழித்தால் டெசிலிட்டருக்குப் பதின்மூன்றுதான். கட்டம் மஞ்சளாகவே இருந்துவிடும். சிறுநீரகம் ஒன்றே, கசிவும் ஒன்றே, விடை மட்டும் இரண்டு. எதிர்த்திசையிலும் இதே கதைதான். சித்திரை வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்துவிட்டு வந்தவரின் அடர்மஞ்சள் சிறுநீரில், நோய் எதுவும் இல்லாமலே ட்ரேஸ் தட்டுவது சாதாரணம். அதனால்தான் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சோதிப்பது நல்லது என்கிறார்கள். அது ஓரளவு ஒரே அடர்த்தியில் இருக்கும். நெடுநேரம் நின்றால் மட்டும் புரதம் கசிகிற, பெரும்பாலும் தீங்கற்ற ஒரு நிலை வளரிளம் பருவத்தினர் சிலரிடம் உண்டு. அதையும் காலைச் சிறுநீர் பிரித்துக் காட்டிவிடும்.

சிறுநீரை வைத்து நோயறியும் பழக்கம் இந்த ஸ்ட்ரிப்பைவிட வெகு பழையது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். சூட்டில் ஆல்புமின் திரைந்து வெண்மையாகத் தெரிந்தது. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. வீக்கம், ஆல்புமின், சிறுநீரகம் மூன்றையும் இணைத்து 1827இல் அவர் எழுதியது சிறுநீரக மருத்துவத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சோதனைக் குழாயின் மேற்பகுதியைச் சூடாக்கி, அசிட்டிக் அமிலம் சில சொட்டுகள் விட்டுப் பார்க்கும் முறை இன்றும் நம் மருத்துவக் கல்லூரிகளின் செய்முறை வகுப்பில் இருக்கிறது. சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டு விட்டு, கலங்குகிறதா என்று பார்ப்பது அதன் தம்பி. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி வழிநடத்திய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, இந்த மலிவான அமிலச் சோதனையையும் ரத்த அழுத்தக் கருவியையும் கொண்டு வீடுவீடாகச் சிறுநீரக நோயைத் தேடியது. டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் பெரும்பாலோருக்கு எட்டாத நாட்டில் நோய் முற்றுமுன் பிடிப்பதே வழி என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரை இத்தகைய ஸ்ட்ரிப் கொண்டு பார்க்கும் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. பெருங்கூட்டத்தில் யாரை மேற்சோதனைக்கு அனுப்புவது என்று பிரிக்க ஸ்ட்ரிப் போதும். நான் குறை சொல்வது அந்தப் பயன்பாட்டை அல்ல.

பக்கத்து வீட்டுச் சிறுவனின் கதைக்கு வருவோம். ஸ்ட்ரிப் தன் முழுத் தகுதியையும் காட்டும் இடம் அதுதான். நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் புரதம் கசிவதில்லை, கொட்டுகிறது. ரத்தத்தில் ஆல்புமின் குறைந்து, காலையில் கண் இமைகள் ஊதி, பிறகு வயிறும் காலும் வீங்குகின்றன. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பெரும்பாலான குழந்தைகளிடம் நோய் அடங்கிவிடும்; ஆனால் சளி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் மறுபடியும் தலைதூக்கும். எனவே நாள்தோறும் காலையில் சிறுநீர் பார்த்துக் குறித்து வைக்கும்படி மருத்துவர்கள் பெற்றோரிடம் சொல்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் "இல்லை" அல்லது ட்ரேஸ் என்றால் நோய் அடங்கிவிட்டது. அடங்கியிருந்த குழந்தைக்குத் தொடர்ந்து மூன்று நாள் மூன்று ப்ளஸ் அல்லது நான்கு ப்ளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது. டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டும் ஆட்டத்தில், முன்னே பின்னே இருபது மில்லிகிராம் பிசகினால் எதுவும் கெட்டுவிடாது. வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கட்டம் பச்சையாகிவிடும். அதற்குள் மருத்துவரிடம் போய்விடலாம்.

அந்தச் சிறுவனின் அம்மா இதற்காகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். தேதி, எடை, ஸ்ட்ரிப் விடை, அன்று கொடுத்த மாத்திரை, காய்ச்சல் இருந்ததா என்று ஐந்து பத்திகள். "மூணு ப்ளஸ்னா நானா மாத்திரையைக் கூட்ட மாட்டேண்ணா, நோட்டைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிடுவேன்" என்றார். ஸ்டீராய்டு விஷயத்தில் அதைவிடச் சரியான பயன்பாட்டைச் சொல்லித் தர முடியாது. இந்த வகைப் பயனருக்கு ஸ்ட்ரிப்பை எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைப்பேன்.

கருவுற்ற பெண்களுக்கான பரிசோதனையிலும் இதே ஸ்ட்ரிப்பைப் பார்க்கலாம். ஊர்ப்பக்கம் "உப்பு போகிறது" என்று சொல்லப்படும் அந்தக் கசிவு, இருபது வாரத்துக்குப் பிறகு 140/90க்கு மேல் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால் ப்ரீஎக்லாம்ப்சியா என்ற அவசர நிலை. ஆனால் ஸ்ட்ரிப் வெறுமையாக இருந்தாலும் அழுத்தம் ஏறி, தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் காத்திருக்கக் கூடாது. புரதம் இல்லாமலும் அந்த நோய் வரும். இதை வீட்டில் குச்சி முக்கிப் பார்த்து முடிவு செய்யும் விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டு அனுபவம் வேறு. அப்பாவின் ஸ்ட்ரிப் பெரும்பாலும் மஞ்சளாகவே இருந்தது. எப்போதாவது இது மஞ்சளா, பச்சை கலந்த மஞ்சளா என்று ஜன்னல் வெளிச்சத்தில் நின்று வாதாடும் அளவுக்கு ஒரு சாயல் தெரியும். கால் வீக்கம் இல்லை, சிறுநீரில் நிலைத்து நிற்கும் நுரையும் இல்லை. வழக்கமான சோதனையின்போது சர்க்கரை நோய் மருத்துவர் ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் எழுதிக் கொடுத்தார். கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவு; அதோடு ஒப்பிட்டு ஆல்புமினைப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. ஆய்வகங்களில் ஏசிஆர் என்று கேட்டால் தெரியும். விடை நூறைத் தாண்டி வந்தது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு, 30 முதல் 300 வரை மிதமான கசிவு, அதற்கு மேல் கடுமையான கசிவு என்பது உலகளவில் மருத்துவர்கள் பின்பற்றும் பிரிவு.

ஸ்ட்ரிப் மஞ்சளாக இருந்தபோது ஏசிஆர் எப்படி நூறைத் தாண்டும்? கணக்கு இதுதான். சிறுநீரில் டெசிலிட்டருக்கு ஆல்புமின் 12 மில்லிகிராம், கிரியேட்டினின் 100 மில்லிகிராம் என்று இருந்தால், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 120 மில்லிகிராம் ஆல்புமின். இது இயல்பின் மேல் வரம்பைப் போல நான்கு மடங்கு. ஆனால் 12 மில்லிகிராம் என்பது ஸ்ட்ரிப்பின் ட்ரேஸ் கட்டத்துக்கே எட்டாத அளவு. 30 முதல் 300 வரையிலான அந்த வரம்பின் பெரும்பகுதி ஸ்ட்ரிப்பின் கண்ணுக்குக் கீழேயே ஓடிவிடுகிறது. சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் முதன்முதலில் குரல் கொடுக்கும் இடமும், சிகிச்சை அதிகம் பலன் தரும் இடமும் அந்த வரம்புதான். தண்ணீர் அதிகம் குடித்தால் ஆல்புமினும் கிரியேட்டினினும் ஒரே விகிதத்தில் நீர்த்துப்போவதால் விகிதம் பெரிதாக மாறாது. செறிவுச் சிக்கலும் இதில் தீர்ந்துவிடுகிறது. இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை.

ஒரு முறை கூடியதை வைத்து நோய் என்று தீர்மானித்துவிடவில்லை. முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கட்டுக்கடங்காத சர்க்கரை, மிக உயர்ந்த ரத்த அழுத்தம் ஆகிய எதுவும் தற்காலிகமாக ஆல்புமினைக் கூட்டிவிடும். மூன்று முதல் ஆறு மாத இடைவெளிக்குள் எடுத்த மூன்று சோதனைகளில் இரண்டு கூடியிருந்தால்தான் கசிவு நிலையானது என்பார்கள். நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற பெயரே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பொருந்தும். அப்பாவுக்கு மறுசோதனையிலும் அதே நிலை. மருத்துவர் டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தின் அளவைக் கூட்டி, டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தையும் சேர்த்தார். சர்க்கரை நோயால் வந்த சிறுநீரகப் பாதிப்பைச் சார்டன் வகை மருந்துகள் மெதுவாக்கும் என்பது 2001இலேயே பெரிய ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. டாபாக்ளிஃப்ளோசினுக்கான முக்கிய ஆய்வு 2020இல் வந்தது. அதில் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க ஏசிஆர் எண்ணும் ஓர் அளவுகோலாக இருந்தது. அதே ஆண்டு இந்தியாவில் அம்மருந்தின் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் இறங்கியது. பிடித்துவிட்டால் செய்வதற்கு வழி இருக்கிறது என்பதால்தான் பிடிக்கத் தவறும் கருவியைப் பற்றி இவ்வளவு நீட்டிப் பேசுகிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றிச் செயல்படுகின்றன. மாத்திரை தொடங்கிய பிறகு ஸ்ட்ரிப்பின் சர்க்கரைக் கட்டம் ஒவ்வொரு முறையும் அடர்பழுப்பாகிறது. குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை ஒழுங்காகவே இருக்கிறது. விவரம் தெரியாமல் இதைப் பார்ப்பவர் பதறிப் போவார். ஆக, இரண்டு கட்டங்கள் உள்ள ஸ்ட்ரிப்பில் ஒன்று எப்போதும் பழுப்பு, மற்றொன்று எப்போதும் மஞ்சள். அப்பாவுக்கு இரண்டுமே எதையும் சொல்லவில்லை.

ஏசிஆர் தேடிப் போனபோது ஆய்வகங்களின் "கிட்னி பேக்கேஜ்" பற்றியும் தெரிந்துகொள்ள நேர்ந்தது. அதையும் ஒரு சேவையாக மதிப்பிட்டுவிடுகிறேன். எங்கள் பகுதியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் தள்ளுபடி விலையில் அறிவித்திருந்த தொகுப்பில் யூரியா, கிரியேட்டினின், யூரிக் அமிலம், சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று பட்டியல் நீண்டது. ஏசிஆர் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "யூரின் ரொட்டீன் இருக்கு சார், அதுலயே ஆல்புமின் வந்துரும்" என்றார் வரவேற்பில் இருந்தவர். யூரின் ரொட்டீனில் வரும் ஆல்புமின் பெரும்பாலும் இதே ஸ்ட்ரிப்பின் விடைதான். மனிதக் கண்ணுக்குப் பதிலாக இயந்திரம் படிக்கிறது, அவ்வளவே. சர்க்கரை நோயாளிகளையே குறிவைத்து விற்கும் தொகுப்பில், அவர்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கச் சொல்லும் சோதனையை விட்டுவிட்டு, தேவை குறைந்த ஐந்தாறைச் சேர்த்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. தொகுப்பை வாங்காமல் ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஏசிஆர் இரண்டை மட்டும் தனியாக எழுதச் சொன்னோம். சில நூறு ரூபாயில் முடிந்தது. அறிக்கையில் கிரியேட்டினினுக்கு அருகிலேயே, சிறுநீரகம் வடிகட்டும் திறனை மதிப்பிடும் ஈஜிஎஃப்ஆர் எண்ணும் தந்தார்கள். அதைத் தராத ஆய்வகமானால் வயதையும் பாலினத்தையும் கொண்டு மருத்துவரைக் கணக்கிட்டுச் சொல்லச் சொல்லலாம். சிறுநீரகத் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்த பின்னும் கிரியேட்டினின் "இயல்பு" வரம்புக்குள் நிற்கக்கூடும் என்பதால், தனி எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை.

ஸ்ட்ரிப்போ ஏசிஆரோ எதுவானாலும் முழுதாகத் தவறவிடும் நோய்களும் இருக்கின்றன. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் சிறுநீரில் வரும் புரதம் ஆல்புமின் அல்ல. கட்டம் மஞ்சளாகவே நிற்கும், சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி விவசாயிகளையும், ஆந்திரத்தில் உத்தானம் பகுதி மக்களையும் பல ஆண்டுகளாகத் தாக்கிவரும், காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் வடிகட்டியைவிடக் குழாய்களையே முதன்மையாகப் பாதிப்பது. அங்கே நோய் முற்றும் வரை புரதக் கசிவு சொற்பமாகவே இருப்பதுண்டு. முழங்கால் வலிக்கு ஆண்டுக்கணக்கில் டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தானாக வாங்கி விழுங்குபவர்களின் சிறுநீரகமும் இவ்வாறு ஓசையின்றிப் பழுதாகலாம். இவர்களுக்கெல்லாம் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பதுதான் வழி.

நான்கு ப்ளஸ் காட்டினால் கதை வேறு. பெரியவர் ஒருவருக்குத் திடீரென முகமும் காலும் வீங்கி, ஸ்ட்ரிப்பில் மூன்று அல்லது நான்கு ப்ளஸ் வந்தால், அடுத்த நாள் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது, உண்ணும் மாத்திரைகளோடு சூரணம், பற்பம், முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்வது நல்லது. பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களால் சிறுநீரக வடிகட்டி பழுதடைந்தவர்களைப் பற்றி 2023இல் கேரளத்தின் மலப்புரத்திலிருந்து வந்த செய்திகள் பலருக்கு நினைவிருக்கலாம். புரதத்தோடு ரத்தமும் சேர்ந்து போனாலும் அதே அவசரம் பொருந்தும். பத்துக் கட்ட ஸ்ட்ரிப்பில் ரத்தத்துக்கான கட்டம் ஒன்று இருப்பது மட்டுமே அதற்கு நான் காணும் நியாயம். மற்ற கட்டங்கள் வீட்டுப் பயன்பாட்டில் தேவையற்ற கலவரத்தைக் கிளப்புவதே அதிகம். வெள்ளணுக் கட்டம் லேசாக ஊதா தட்டியதும் ஆன்டிபயாட்டிக் வாங்கப் புறப்பட்டவர்கள் உண்டு.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை மேலும் சில. டப்பாவை 15 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். சென்னையிலும் வேலூரிலும் கோடையில் இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர எப்படி நிறைவேற்றுவது என்பதைத் தயாரிப்பாளர் சொல்வதில்லை. வீட்டிலேயே குளிர்ந்த, இருண்ட அலமாரித் தட்டில் வைக்கிறோம். குளியலறையின் ஈரத்தில் வைப்பதுதான் மிக மோசம். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்ததும் உடனே மூட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் குப்பை என்று எறிந்துவிடக் கூடாது. திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஆகவே திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதி வைப்பது நலம். நூறு எண்ணிக்கையுள்ள டப்பாவை மாதத்துக்கு ஒரு தடவை பயன்படுத்துபவர் வாங்கினால் பெரும்பகுதி காலாவதியாகிவிடும். அதைத் தவிர்க்க, கடைக்காரரிடம் உதிரியாக ஐந்தாறு கேட்டுக் காகிதக் கவரில் வாங்கி வருவதும் சரியல்ல. ஈரம் பட்ட கட்டம் எந்த நிறத்தையும் காட்டும். வண்ண அட்டையை மஞ்சள் விளக்கில் பார்க்க வேண்டாம், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமமுள்ள முதியவருக்கு இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும். எங்கள் டப்பாவில் ட்ரேஸ் கட்டத்துக்கும் ஒரு ப்ளஸ் கட்டத்துக்கும் இடையிலான நிற வேறுபாடு மிக மெல்லியது என்பதை அச்சிலுள்ள குறையாகவே பதிவு செய்கிறேன்.

விலையைப் பொறுத்தவரை, ஒரு ஸ்ட்ரிப் பத்து ரூபாய்க்குள் அடங்குவதால் யாருக்கும் சுமையாக இருக்காது. நெஃப்ரோடிக் குழந்தையுள்ள வீட்டில் அது ஈடு சொல்ல முடியாத மலிவு. வகை 2 சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையும், வகை 1 என்றால் ஐந்து ஆண்டு கழித்து ஆண்டுதோறும், ஏசிஆர், கிரியேட்டினின் இரண்டையும் எடுப்பதே மருத்துவ வழிகாட்டுதல். அந்த வகையில் எங்கள் வீட்டுக்கு ஸ்ட்ரிப் டப்பாவின் பணம் ஏசிஆருக்குப் போயிருக்க வேண்டியது. டப்பாவில் மீதமிருந்ததைக் காலாவதியாகும் முன்பே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அப்பாவின் அடுத்த ஏசிஆர் தேதியை மருத்துவர் சீட்டிலேயே எழுதித் தந்திருக்கிறார்.